ஓட்டு வீட்டுக்கு, உத்தரவு ஊருக்கு

ரங்கூன் நகரசபையின் கதை – 17

பர்மிய மொழியில் நகராட்சியை 'சீபின் தாயா' என்பார்கள். செழிப்பு, இனிமை என்று பொருள். பேச்சில் அது 'சீபின்' என்று சுருங்கிவிடும். நடைபாதையில் பலகாரம் விற்பவர்கள் 'சீபின் வருது' என்ற குரல் கேட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் மறைவார்கள். நம்மூர்ப் பூக்காரி 'கார்ப்பரேஷன் வண்டி' என்றதும் தட்டைத் தூக்குவாளே, அதே வேகம்.

அந்த நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், லைங் ஆற்றின் கரையில், இன்னொரு இனிய பெயர் இருக்கிறது: ஷ்வேப்யிதா. ஷ்வே என்றால் தங்கம், ப்யி என்றால் நாடு, தா என்றால் இனிமை. தெற்கே இன்செய்ன், கிழக்கே மிங்கலாடோன், ஆற்றுக்கு அக்கரையில் லைங்தாயா. 2014 கணக்கெடுப்பில் இந்தப் பொன்னாட்டில் வாழ்ந்தவர்கள் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கும் மேல்.

இரண்டு பெயரிலும் இனிமை இருக்கிறது. சூலே பகோடாவை ஒட்டி நிற்கும் நகர மண்டபத்திலிருந்து ஷ்வேப்யிதாவுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரமும் இருக்கிறது. இந்த வாரக் கதை அந்தத் தூரத்தைப் பற்றியது.

சென்ற வாரம் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் விழுந்த குண்டுகளோடு நிறுத்தியிருந்தோம். போருக்குப் பிந்தைய நகருக்குள் நுழையுமுன் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நகரசபையில் உட்கார யாருக்கு நாற்காலி இருந்தது? அங்கே கைதூக்கி எடுத்த முடிவுகள் யார் தலையில் இறங்கின? இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஷ்வேப்யிதா ஏன் பிறந்தது என்பது புரியும்.

*

ரங்கூனுக்கு நகராட்சிக் குழு அமைந்தது 1874இல். முதலில் எல்லோரும் அரசு நியமித்தவர்கள். 1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்குத் தேர்தல் வேண்டும் என்று தீர்மானம் போட்டார். அந்தக் காற்றில் ரங்கூனிலும் வாக்குப் பெட்டி வந்தது. சென்னைக்காரர்கள் அதே ரிப்பனின் பெயரை 1913இல் தங்கள் மாநகராட்சிக் கட்டடத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ரங்கூனில் இன்றைய நகர மண்டபம் நிற்கும் மனையில் முன்பு இருந்ததும் ரிப்பன் மண்டபம்தான்.

வாக்கு என்றால் எல்லோருக்கும் அல்ல. சொத்து வைத்து வரி கட்டுகிறவருக்கே வாக்கு. இடங்களும் சமூகவாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டிருந்தன: ஐரோப்பியர், பர்மியர், இந்து, முஸ்லிம், சீனர். 1922இல் ரங்கூனுக்கென்றே தனி நகராட்சிச் சட்டம் வந்து, நகராட்சி 'கார்ப்பரேஷன்' ஆனபோதும் இந்தப் பங்கீடு போகவில்லை. வீட்டு வரி நாலு பிரிவாக வந்தது: பொது வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி, துப்புரவு வரி. இந்த நாலும் கட்டியவர் வாக்காளர். கட்டாதவர் வெறும் ஆள்.

இப்போது மக்கள்தொகையைப் பாருங்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் இருந்தவர்கள் 4,00,415 பேர். அதில் இந்தியர்கள் 2,12,929. நூற்றுக்கு ஐம்பத்துமூன்று பேர் இந்தியர்கள் என்றால் நகரசபையே நம் கையில் இருந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். மொகல் தெருவில் கணக்குப் புத்தகம் விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார்கள் வரி கட்டினார்கள். பணக்கார வணிகர்களும் வழக்கறிஞர்களும் கட்டினார்கள். அந்தப் பெரும் எண்ணிக்கையில் மிகுதியானவர்களோ தமிழகத்திலிருந்தும் ஆந்திரக் கடற்கரையிலிருந்தும் கப்பலின் மேல்தட்டில் வந்து இறங்கிய கூலிகள்.

மலேயாவில் கங்காணி என்றால் பர்மாவில் மேஸ்திரி. ஊரிலேயே முன்பணம் கொடுத்து, டிக்கெட் எடுத்து, கூட்டி வந்து, துறைமுகத்திலோ அரிசி ஆலையிலோ சேர்ப்பவர் அவர். இரவில் படுக்க ஒரு விடுதி அறையையும் காட்டுவார். அந்த அறைகளுக்கு நகரசபை உரிமம் கொடுத்தது. இத்தனை அடி அறைக்கு இத்தனை ஆள் என்று துணைவிதியே இருந்தது. உரிமத் தாளில் இருந்த எண்ணிக்கையைப்போல் பல மடங்கு பேர் அதே தரையில் முறை வைத்துத் தூங்கினார்கள். இரவு ஷிப்டு போனவன் பாயில் பகல் ஷிப்டுக்காரன் படுப்பான். இந்த நெரிசலைப் பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன, கூட்டங்களில் பேசப்பட்டது. பேசியவர்களில் அந்தப் பாயில் படுத்தவர் யாரும் கிடையாது. கட்டட முதலாளிக்கு வரி ரசீது இருந்தது, ஆகவே ஓட்டும் இருந்தது. அறைக்குள் இருந்தவருக்கு மேஸ்திரியிடம் பட்ட கடன் மட்டும் இருந்தது.

அறைக்குள் இருப்பவரைவிட அறையின் சொந்தக்காரரையே நகரசபை எண்ணும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றாண்டு கழித்து மறுபடி வரும்.

*

நகரசபையின் முடிவு எப்படி எல்லை போடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத் தரைக்கு அடியில் கொஞ்சம் இறங்க வேண்டும்.

1852இல் நடந்த இரண்டாம் ஆங்கில–பர்மியப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் ரங்கூனைச் சதுரங்கப் பலகைபோலக் கோடு போட்டுக் கட்டினார்கள். ஆற்றங்கரைச் சேற்றுநிலம், தாழ்வான தரை. சாக்கடை தானாக ஓட வேண்டுமென்றால் சரிவு வேண்டும். ரங்கூனில் சரிவு இல்லை. அதுவரை கக்கூஸ் வாளிகளை இரவில் தலையில் சுமந்தார்கள். அந்தத் தலைகளில் மிகப் பல தெலுங்குத் தொழிலாளர்களுடையவை. காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் வந்துபோயின.

1888இல் நகரசபை ஒரு துணிச்சலான வேலையைத் தொடங்கியது. ஐசக் ஷோன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கண்டுபிடித்த முறை அது. பூமிக்குள் இரும்புக் குடம் ஒன்றைப் புதைப்பார்கள். பக்கத்துத் தெருக்களின் கழிவு சிறிய சரிவில் வந்து அந்தக் குடத்தில் விழும். குடம் நிரம்பியதும் உள்ளே மிதவை ஒன்று மேலே எழும்பும். எழும்பும்போது ஒரு வால்வைத் திறக்கும். தூரத்தில் ஒரு நிலையத்திலிருந்து குழாயில் வரும் அழுத்தக் காற்று புஸ்ஸென்று உள்ளே புகுந்து, குடத்தில் உள்ளதையெல்லாம் மூடிய இரும்புக் குழாய்க்குள் தள்ளிவிடும். குடம் காலியானதும் மிதவை இறங்கும், காற்று நிற்கும், மறுபடி நிரம்பத் தொடங்கும். நெம்புகோலைப் பிடிக்க ஆள் வேண்டாம். 1890 வாக்கில் ஓடத் தொடங்கிய அந்த அமைப்பு, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, இந்த நூற்றாண்டிலும் ரங்கூன் நடுநகரில் ஓடிக்கொண்டிருந்தது. அது தள்ளிய கழிவு 2005 வரை சுத்திகரிப்பே இல்லாமல் ஆற்றில் கலந்தது என்பது தனிக் கதை.

இதில் கவனிக்க வேண்டியது ஓர் எண். ஷோன் அமைப்பு நாற்பதாயிரம் பேருக்கென்று திட்டமிடப்பட்டது. 1881லேயே ரங்கூனின் மக்கள்தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மீதிப் பேருக்கு? மீதிப் பேருக்கு வாளி. நடுநகரின் சதுரங்கக் கட்டங்களுக்குள் கல் வீடும் வரி ரசீதும் இருந்தன. குழாய் அந்தக் கட்டங்களோடு நின்றது. வாக்காளர் பட்டியலின் எல்லையும் கழிவுக் குழாயின் எல்லையும் ஏறக்குறைய ஒன்றாகப் போனதில் வியப்பில்லை.

தண்ணீரும் அப்படித்தான். நகரம் முதலில் ராயல் ஏரிகளைக் குடித்தது. அது போதாமல் 1880களில் விக்டோரியா ஏரி, இன்றைய இன்யா ஏரி. அதுவும் போதாமல் 1904இல் வடக்கே ஹ்லோகா நீர்த்தேக்கம். ஹ்லோகா எங்கே இருக்கிறது தெரியுமா? இன்றைய ஷ்வேப்யிதாவுக்கு அண்மையில். அங்கிருந்து தண்ணீர் தெற்கே நடுநகருக்குப் போகத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகள் ஆகின்றன. ஷ்வேப்யிதாக்காரர்களில் பெரும்பாலோர் குழாய்க் கிணற்றில் இறைக்கிறார்கள். குடிக்க இருபது லிட்டர் கேன் வாங்குகிறார்கள்.

*

நகரசபை விவாதங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்து நிற்பது நகர மண்டபத்தின் கூரை. முதலில் போட்ட வரைபடம் ஐரோப்பிய பாணியில் இருந்தது. பர்மிய தேசிய உணர்வு கொதித்த 1920கள் அவை. நம் நகர மண்டபத்துக்கு நம் முகம் வேண்டாமா என்று குரல் எழுந்தது. ஊ டின் என்ற பர்மியக் கட்டடக் கலைஞர் அந்தக் கனத்த உடம்பின்மேல் அடுக்கடுக்கான 'ப்யத்தாட்' கூரைகளையும் நாகங்களையும் மயில்களையும் ஏற்றினார். 1930களில் அது எழுந்து நின்றது. பிற்பாடு ரங்கூன் மத்திய ரயில் நிலையத்தையும் இதே ஊ டின்தான் வடிவமைத்தார். கூரையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிய நகரம், கூரைக்குக் கீழே யார் உட்காரலாம் என்பதைப் பற்றி அத்தனை தூரம் பேசவில்லை.

அது பேசப்படாமல் போனதன் விலை 1941 டிசம்பரில் தெரிந்தது. குண்டு விழுந்ததும் துப்புரவுத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக நகரை விட்டு வெளியேறினார்கள். பிணங்கள் தெருவில் கிடந்தன. வாளிகள் எடுக்கப்படாமல் நாறின. கவர்னர் டார்மன்–ஸ்மித்தின் நிர்வாகம் அவர்களைத் திருப்பிக் கூட்டிவரப் பாடுபட்டது. ஒரு பெருநகரம் மேயராலோ ஆலை முதலாளியாலோ அல்ல, வாக்கில்லாத ஒரு துடைப்பக்காரரால் இயங்கியது என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் மறந்தும் போனது. அதே மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் திரும்பியதையும், ரங்கூனில் 'ஜோதி' இதழ் நடத்திய வெ. சாமிநாத சர்மா அந்தக் கூட்டத்தில் ஒருவராக நடந்ததையும் தனி இயலில் பார்ப்போம்.

*

போர் முடிந்தது, 1948இல் விடுதலை வந்தது, உடனே உள்நாட்டுச் சண்டையும் வந்தது. கிராமங்களிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் ரங்கூனின் காலி மனைகளில், ரயில் பாதையோரம், இடிந்த கட்டடங்களின் நிழலில் மூங்கில் தட்டிகளைச் சாய்த்துக்கொண்டார்கள். இப்படிக் குடியேறியவர்களுக்குப் பர்மியத்தில் ஒரு சொல் உண்டு: 'ச்யூச்யோ'. அத்துமீறி நுழைந்தவர் என்று பொருள். நம்முடைய 'புறம்போக்கு' என்ற சொல் நிலத்தின் பெயராகத் தொடங்கி மனிதனைத் திட்டும் சொல்லானதை நினைத்துக்கொண்டால் இதன் சூடு புரியும்.

1958இல் ஜெனரல் நே வின் இடைக்கால அரசின் தலைவரானார். ரங்கூனுக்கு மேயராக உட்கார்ந்தவர் கர்னல் டுன் செய்ன். நகரைச் சுத்தம் செய்வது என்று முடிவானது. வாரயிறுதிகளில் அரசு ஊழியர்களையும் பொதுமக்களையும் துடைப்பத்தோடு இறக்கினார்கள், குப்பை அகன்றது. கூடவே குடிசைகளும் அகன்றன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நகருக்கு வெளியே வயல்வெளிகளில் குறிக்கப்பட்ட மூன்று புதிய ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள்: தாக்கேட்டா, வட ஒக்கலாப்பா, தென் ஒக்கலாப்பா. நடுநகரில் வாழ்ந்தவர்களிடையே இதற்குக் கைதட்டலும் கிடைத்தது. நகரத்தை அழகாக்க வேண்டுமானால் ஏழையைத் தூரத் தள்ளு என்ற பாடத்தை ரங்கூன் முழுமையாகப் படித்தது இந்த இடைக்கால ஆட்சியின் பதினெட்டு மாதங்களில்தான்.

1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமை ஆயின. மொகல் தெருவின் கணக்குப் புத்தகங்கள் மூடப்பட்டன. கப்பல் கப்பலாகத் தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, 'பர்மா பஜார்' என்ற பெயரையும் அத்தோ என்ற தின்பண்டத்தையும் நமக்குத் தந்தார்கள். ரங்கூன் நகரசபையில் சமூகவாரி நாற்காலி என்ற பழைய ஏற்பாட்டுக்கு இனி உட்காரும் ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை.

*

ஷ்வேப்யிதா இந்தப் பாடத்தின் இரண்டாம் பதிப்பு. 1980களின் நடுவிலேயே நகரைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் போடும் திட்டம் தொடங்கியிருந்தது. 1988 ஆகஸ்ட் 8 அன்று நகரமே தெருவில் இறங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி நகர மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்தவர்கள்மேல் ராணுவம் சுட்டது. செப்டம்பர் 18 அன்று புதிய ராணுவ ஆட்சி வந்தது. நடுநகரின் நெருக்கமான குடிசைப் பகுதிகள் புதிய ஆட்சியாளர்களின் கண்ணில் அழுக்காக மட்டும் தெரியவில்லை, ஆபத்தாகவும் தெரிந்தன. சந்து பொந்துகளில் கூட்டம் கூடலாம், ஆள் ஒளியலாம்.

1989, 1990இல் லாரிகள் வந்தன. குடும்பமும் மூங்கிலும் தகரமும் ஒன்றாக ஏற்றப்பட்டு லைங்தாயாவுக்கும் ஷ்வேப்யிதாவுக்கும் டகோன் புதுநகருக்கும் போயின. நகர ஊழியர்களுக்கும் அங்கே மனை கிடைத்தது. விருப்பப்பட்டுப் போனவர்களும் உண்டு. மனைகள் அளவெடுத்த மாதிரி: நாற்பதுக்கு அறுபது அடி, இருபதுக்கு அறுபது அடி. கயிறு பிடித்துக் கோடு போட்டு, முளை அடித்து, எண் எழுதிய வயல். மழைக்காலத்தில் முளை தெரியாது, தண்ணீர்தான் தெரியும். வேலை இருந்தது நடுநகரில்; பேருந்து இருந்தது எப்போதாவது. லாரியில் வந்தவர்களில் சிலர் மனையை வந்த விலைக்கு விற்றுவிட்டு, வேலைக்குப் பக்கத்தில் வேறொரு ஓரத்தில் மறுபடி 'ச்யூச்யோ' ஆனார்கள்.

இந்த முடிவை எந்த மன்றத்தில் விவாதித்தார்கள்? யார் எதிர்த்துப் பேசினார்கள்? கதாசிரியன் கையில் இருக்க வேண்டிய அந்த விவாதக் குறிப்பு இங்கே கிடையாது, ஏனென்றால் விவாதமே கிடையாது. 1989இல் ரங்கூன் 'யாங்கோன்' ஆனது. 1990 மே 14 அன்று வந்த சட்டத்தால் யாங்கோன் நகர மேம்பாட்டுக் குழு பிறந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் நியமனம், தலைவரே மேயர். முதல் மேயர் கர்னல் கோ லே. வரிவிதிப்பில் 1922ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தின் பிரிவுகள் பல தொடர்ந்து செல்லுபடியாயின. அந்தச் சட்டத்தில் இருந்த அரைகுறைத் தேர்தல் மட்டும் தொடரவில்லை. கூரை ஊ டின் கட்டியது, வரி பிரிட்டிஷ்காரன் போட்டது, நாற்காலி ராணுவத்துடையது.

*

ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2014 டிசம்பர் 27 அன்று, யாங்கோனில் நகரசபைத் தேர்தல் நடந்தது. அறுபது ஆண்டுகளில் முதல் தடவை என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. விவரத்தைக் கவனியுங்கள். மத்தியக் குழுவில் ஒன்பது பேர். அதில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் நான்கு பேர். மேயர் நியமனமே. ஓட்டு ஆளுக்கு ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று.

வீட்டுக்கு ஒன்று என்றால்? மியன்மாரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவுத்தாள் ஒன்று உண்டு. படிவ எண்ணை வைத்து 66/6 என்பார்கள். நம்மூர் ரேஷன் கார்டைப்போலப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அந்தத் தாளில் யார் பெயர் எந்த வீட்டில் இருக்கிறதோ அதுவே அவர் முகவரி. வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அப்பா ஓட்டுப் போட்டுவிட்டால் அம்மாவும் மகளும் மருமகனும் போட்டதாக அர்த்தம்.

இப்போது ஷ்வேப்யிதாவுக்கு வாருங்கள். முளையடித்த வயல்களை ஒட்டித் தொழிற்பேட்டைகள் எழுந்து, உள்ளே வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தைத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைச் சூறையாடி ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின் டெல்டாவிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த ஓரங்களில் நிரம்பின. ஒரு பெண் பகலில் சட்டைக் காலர் தைக்கிறாள். இரவில் மரத்தடுப்பு வைத்த விடுதி அறையில், நாலைந்து பேரோடு படுக்கிறாள். அவள் பெயர் உள்ள 66/6 தாள் டெல்டாவில், அம்மா வீட்டில். ஷ்வேப்யிதாவில் அவள் விருந்தாளி. 2012ஆம் ஆண்டு வார்டு நிர்வாகச் சட்டப்படி, வெளியூர்க்காரர் இரவு தங்கினால் வார்டு அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் தங்கி உழைத்தாலும் விருந்தாளிதான்.

ஓட்டு விடுதிச் சொந்தக்காரருக்கு. 1920களின் கூலி விடுதியிலும் இதேதானே கணக்கு? தமிழ்க் கூலி படுத்த பாயில் டெல்டாப் பெண் படுத்திருந்தாள். உரிமத்தாளும் ஓட்டும் அடுத்த அறைக்குப் போயின.

விமர்சனம் வரத்தான் செய்தது. வீட்டுக்கு ஓர் ஓட்டு என்ற விதியை அரசியல் கட்சிகளும் குடிமக்கள் அமைப்புகளும் கேலி செய்தன. அன்று வாக்குச் சாவடிக்குப் போனவர்கள் தகுதியுள்ள வீடுகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 2016இல் ஜனநாயகத்துக்கான தேசிய லீக் ஆட்சிக்கு வந்தது. மவுங் மவுங் சோ மேயரானார். 2018இல் யாங்கோன் பிராந்திய ஹ்லுத்தோ, அதாவது மாகாண சட்டமன்றம், புதிய நகராட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. பதினெட்டு வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்றது அது. 1882இலிருந்து எண்ணினால் நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நகரசபை வீட்டை விட்டுவிட்டு ஆளை எண்ணத் தொடங்கியது. 2019 மார்ச் 31 அன்று அந்தச் சட்டப்படி தேர்தலும் நடந்தது. வந்தவர்கள் இன்னும் குறைவு, சாவடிகள் காற்றாடின.

ஏன்? மக்களுக்கு அக்கறை இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வேறு கோணத்திலும் பாருங்கள். மேயர் இன்னமும் நியமனம். ஷ்வேப்யிதாவில் கிணறு தோண்டியது அவரவர் கைக்காசு. நகரசபை அந்த ஊருக்குள் கொண்டுவந்த பெரிய பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால், 2017 ஏப்ரலில் திறந்த குப்பையெரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையைச் சொல்லலாம். ஜப்பானிய உதவியுடன் கட்டியது. நாளைக்கு அறுபது டன் எரிக்கும். நகரம் முழுக்க ஒரு நாளில் சேரும் குப்பையோ சுமார் இரண்டாயிரம் டன். ஊரின் குப்பை ஓரத்துக்கு வந்தது. நடுநகரத்துச் சாக்கடைக் குழாய் வரவில்லை. அறுபது ஆண்டுகள் ஓட்டே கேட்காத ஓர் அமைப்பு திடீரென்று வந்து கேட்டால், எழுந்து போய் வரிசையில் நிற்க ஒரு காரணம் வேண்டுமல்லவா?

அவர்கள் வரிசையில் நிற்கவே மாட்டார்கள் என்பதில்லை. 2015 பிப்ரவரியில் ஷ்வேப்யிதாவின் தையல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தி ஆலை வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் நடுநகரை நோக்கி நடக்கப் புறப்பட்டபோது போலீஸ் மறித்துக் கலைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று நாட்டிலேயே முதன்முறையாகக் குறைந்தபட்சக் கூலி நடப்புக்கு வந்தது: நாளைக்கு 3,600 ச்யாட். வீட்டுக்கு ஓர் ஓட்டில் கணக்கில் வராதவர்கள், ஆலை வாசலில் கணக்கில் வந்தார்கள்.

*

இதைப் படிக்கிற சென்னை வாசகருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். எழவில்லையென்றால் நான் எழுப்பிவிடுகிறேன். கூவம் கரையிலிருந்தும் கடற்கரையோரங்களிலிருந்தும் லாரியேற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்குப் போனபோது அது சென்னை மாநகராட்சியில் இல்லை. 2011இல் எல்லை விரிந்தபோதுதான் உள்ளே வந்தது. பிறகு எழுந்த பெரும்பாக்கம் அடுக்குமாடிகளும் மாநகராட்சி எல்லைக்கு வெளியேதான் எழுந்தன. 1688இல் பிறந்த, ஆசியாவின் மூத்த மாநகராட்சிகளில் ஒன்றான நம் சபையிலும் 2016 அக்டோபர் முதல் 2022 வரை கவுன்சிலர் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அப்புறப்படுத்தும் முடிவு ஓர் எல்லைக்குள் எடுக்கப்படும். அப்புறப்படுத்தப்பட்டவர் அந்த எல்லைக்கு வெளியே போய் விழுவார். பிறகு அவர் ஓட்டு அந்த முடிவைத் தொடாது. ரங்கூனைப் பார்த்து உச்சுக்கொட்டும் வசதி நமக்கு இல்லை.

ரங்கூன் கதைக்குத் திரும்புவோம். 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று தேர்தல் கண்ட நகரசபை இரண்டாண்டு முடியுமுன்பே அடையாளம் இழந்தது. எதிர்ப்பு ஊர்வலங்களில் முன்வரிசையில் நின்றவர்களில் ஷ்வேப்யிதாவின், லைங்தாயாவின் தையல் ஆலைப் பெண்கள் இருந்தார்கள். மார்ச் 14 அன்று லைங்தாயாவில் துப்பாக்கிகள் வெடித்தன. ஒரே நாளில் பலர் விழுந்தார்கள். அன்றிரவு அரசுத் தொலைக்காட்சி ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட செய்தியைப் படித்தது. யாங்கோனின் முப்பதுக்கும் மேற்பட்ட நகரியங்களில் அன்று உச்சரிக்கப்பட்ட பெயர்கள் இரண்டே: லைங்தாயா, ஷ்வேப்யிதா. வட ஒக்கலாப்பாவும் டகோன் பகுதிகளும் மறுநாள் சேர்ந்தன. பட்டியலை மறுபடி படியுங்கள். 1958இல் ஒரு கர்னலும் 1989இல் ஒரு ஜெனரல் கூட்டமும் நகரைச் சுத்தம் செய்ய ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய இடங்கள் அவை.

அந்த அக்டோபரில் லைங்தாயாவின் சாலையோரக் குடிசைகளுக்கு வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் கையாலேயே தட்டியைப் பிரித்து அடுக்கின. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊருக்கு ஆட்கள் வந்து இறங்கியபோது லாரியில் கூடவே வந்ததும் மூங்கிலும் தகரமும்தான்.

நகர மண்டபத்தின் ஓட்டுப் பட்டியலில் கடைசியாக ஏறிய ஊர், உத்தரவுப் பட்டியலில் முதலாவதாக ஏறிவிட்டது.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1942 – நடந்தே வந்தவர்கள்